கம்ப்யூட்டர் ரூமில் வெறுங்கால்

இங்கே துபாயில் ஆபீஸ் கம்ப்யூட்டர் ரூமுக்குள் பூட்ஸ் காலோடு போகலாம். வேலைக்குச் சேர்ந்த அன்று நான் நம்மூர் வழக்கப்படி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு நுழைந்தேன். அரபி மானேஜர் என் காலைப் பார்த்துவிட்டு, தொழுகிற இடம் கீழே என்று கை காட்டினார். தொழ வரவில்லை என்று விளக்குகிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. மரியாதையாகக் கீழே போய்ச் சற்று நின்றுவிட்டு வந்தேன். அந்த ரூமில் கம்ப்யூட்டருக்கென்றே சுவரில் தனி பிளக். அதில் வேறு எதையும் செருக விடமாட்டார்கள்.

போன லீவில் ஊருக்குப் போயிருந்தேன். என் தம்பி செல்வராஜ் பெரம்பலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறான். நான் சொல்லித்தான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தான். எண்பதுகள் முடியப்போகிற இந்த நேரத்திலும் அந்த டவுனில் அது அதிசயம். சந்தனம், குங்குமம் வைத்து, செருப்பை வெளியே விட்டுத்தான் வர வேண்டும் என்று சட்டமும் போட்டிருந்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எங்கள் தங்கை மல்லிகா. ஆசையாகப் பெட்டியைத் தொட்டேன். முழங்கை வரை கரண்ட் இழுத்துவிட்டது.

"கம்ப்யூட்டர்னா லேசா இழுக்கும்ணே. எல்லாரும் பழகிட்டாங்க" என்றான் தம்பி.

மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். முன் அறையிலிருந்து ஒரு ஒல்லி வயர், நடுநடுவே முறுக்கி டேப் சுற்றியது. மீதியைச் சுருட்டிப் பாய்க்கு அடியில் திணித்திருந்தான், பாய் சுட்டது. அந்த வயர் போய்ச் சேர்கிற ஜங்ஷன் பாக்ஸில் கம்ப்யூட்டர், ஸ்டெபிலைசர், ஃபேன் எல்லாம். பாக்ஸில் இரண்டு ஓட்டைதான் என்று மூணு பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்து எறிந்திருந்தான். கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய பின் அது. இப்போது அந்தக் கரண்ட் பிள்ளைகளின் வெறுங்கால் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பொட்டு வைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு எர்த் வயர் இழுக்கத் தெரியவில்லை.

"மல்லிகா செத்துருவாடா."

"வாயக் கழுவுங்கண்ணே. பரீட்ச முடியட்டும், பாத்துக்கலாம்."

மெயினை அணைத்துவிட்டு, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க அந்த வயரைத் துண்டு துண்டாக வெட்டினேன். அரியலூரிலிருந்து எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து மெயின் போர்டிலிருந்து தடித்த வயர் இழுத்து, சுவரில் தனி பிளக் வைத்து, கொல்லையில் குழி வெட்டி உப்பும் கரியும் போட்டு எர்த் இறக்கினேன். தம்பி கோபித்துக்கொண்டான். அரியலூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப மல்லிகா மட்டும் வந்தாள்.

"இப்ப இழுக்கலண்ணே. ஆனா புள்ளைங்க, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சான்னு கேக்குதுங்க" என்றாள்.

இதை எழுதுவது கம்பெனி கொடுத்த ரூமில். எட்டுப் பேர் படுக்கிறோம். சுவரில் இருப்பது ஒரே ஒரு பிளக். அதிலிருந்து ஒரு ஜங்ஷன் பாக்ஸ். அதில் ஹீட்டர் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, ஃபேன். மெஷினுக்கு ஒரு பிளக் ஒதுக்கியவர்கள்தான் எட்டு ஆளுக்கு இந்த ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை அருவருப்பான கணக்கு! வயரைத் தொட்டேன், சுட்டது. பிடுங்கப் போனேன்.

"சோறு வெந்துடட்டும் மாப்ள, அப்பறம் புடுங்கு" என்றான் உடன் தங்கியிருக்கும் லெப்பைக்குடிகாட்டு பஷீர்.

ஒரு கை வயரின் மேலேயே இருக்க, மறு கையால் தட்டை நீட்டினேன்.