வண்டியை விட்டு இறங்காத வாழைக்காய்

1. என் வேலை

நான் ஓய்வு பெற்றபோது என் பதவியின் பெயர் கள ஒருங்கிணைப்பாளர். மேடையில் பேசுகிறவர்கள் எங்களைப் பாலம் என்பார்கள். பாலம் மூட்டை தூக்காது, நான் தூக்கினேன். முசரவாக்கம், ஏனாத்தூர்ப் பக்கம் இருக்கும் சின்ன விவசாயிகளிடம், மார்க்கெட்டில் கழித்துவிட்ட கோணல் கத்தரி, விலை விழுந்த தக்காளி என்று கிடைப்பதை வாங்கி, காஞ்சிபுரத்தில் அடுப்பு எரியாத வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சில விவசாயிகள் நல்ல காயாகவே கொடுப்பார்கள். அவர்களால்தான் எனக்குத் தொல்லை அதிகம்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ரூட், லோடு, வெயிட் எல்லாவற்றையும் செல்போனிலேயே முடித்துவிடுகிறார்கள். நாள் மட்டும் பார்ப்பதில்லை. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2. ஏழுமலை ஏற்றிவிட்ட லோடு

ஒரு வருஷம் கார்த்திகை முழுக்க அடைமழை. நெசவாளர் தெருவில் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறி நின்றது. குழிக்குள் காலை விட்டு மிதித்தால்தான் தறி ஓடும். தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு யார் பட்டு நெய்வது? தறி நின்றால் கூலியும் நிற்கும். அந்தத் தெருவில் இருந்த செல்வியின் புருஷன் கம்பெனி வேலை தேடி ஒரகடம் போய்விட்டார். வீட்டில் அவளும் இரண்டு பிள்ளைகளும்தான். ஒரு நாள் சாயங்காலம் அவளைப் பார்த்தபோது, "பசங்களுக்கு ஒரு வேளை கஞ்சி ஊத்தினுகிறேங்கா. நாளிக்கு அதுவும் இல்ல" என்றாள். காலையில் வண்டி வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முசரவாக்கத்து ஏழுமலை வாரிக் கொடுக்கிற மனிதர். மறுநாள் நான் போவதற்குள் அவரே எங்கள் குட்டியானை வண்டியில் லோடு ஏற்றிவிட்டிருந்தார். வாழைக்காய், பூசணிக்காய், ஒரு மூட்டை பச்சரிசி. எல்லாம் முதல் தரம். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என்ன நாள், ஏன் இந்தக் காய் என்று நானும் கேட்கவில்லை, டிரைவர் பாஷாவும் கேட்கவில்லை. பாஷா கேட்காததற்கு நியாயம் உண்டு.

தெருவில் பெண்கள் வழக்கம்போலப் பையோடு வந்தார்கள். பாஷா தார்ப்பாயை விலக்கினார். ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு அமாவாசை இல்ல?" என்றாள். அவ்வளவுதான். பைகள் மடிந்தன. பச்சரிசி, வாழைக்காய், பூசணி என்று அமாவாசையன்று ஒரு வீட்டிலிருந்து வந்தால் அது செத்தவர் பேரில் கொடுக்கிற தானம். வாங்கினால் அவர் பாவத்தையும் சேர்த்து வாங்கியதாகும் என்று அந்தத் தெருவில் நம்புகிறார்கள். கதவுகள் சாத்திக்கொண்டன.

செல்வி மட்டும் நின்றாள். அரிசி மூட்டையைப் பார்த்தாள். பிறகு அவளும் பையை மடித்தாள்.

"நீயுமாடி?" என்றேன். "பசங்க பட்டினியா கெடக்குதுன்னு நீதானே சொன்ன?"

"பசிதாங்கா. அதுக்குன்னு யாரு வூட்டு தெவசத்தையோ எம் புள்ளைங்க தலையில ஏத்துவேனா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அதை ஏழுமலையிடம் காட்டினேன். போனில்தான்.

3. விருந்தாளி

ஏழுமலை மொபெட்டில் வந்து சேர்ந்தார். நெற்றியில் காலையில் வைத்த விபூதி. நிலைமையைச் சமாளிப்பார் என்று நினைத்தேன். அவர் தெரு நடுவில் நின்று, எல்லா ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி, "எங்கப்பா போன வருஷம் தவறிட்டாரு. அவர நெனச்சி ஆசையா குட்தேன். அத வேணான்றீங்களே, இன்னா ஞாயம்மா இது?" என்றார்.

பாஷா தலையில் அடித்துக்கொண்டார். அதுவரை சந்தேகமாக இருந்தது இப்போது ஊர்ஜிதமாகிவிட்டது.

செல்வி அவர் முன்னால் வந்தாள். "அண்ணா, தானம்னா நாங்க வாங்க மாட்டோம். இங்கியே சமைக்கிறேன். உப்பு, புளி, மொளகா எங்க வூட்டுது. நீங்க எங்க வூட்ல உக்காந்து சாப்பிடுங்க. சாப்ட்டா விருந்து. இல்லன்னா வண்டிய எட்த்துக்கினு போயிடுங்க."

"வூட்ல பொஞ்சாதி எல போட்டு காத்துக்கினு இருப்பாம்மா. காக்காவுக்கு வெக்காம நான் எப்டி வாய்ல வெப்பேன்?"

"எங்க ஓட்டு மேல வர்றதும் காக்காதான்."

ஏழுமலை ஓட்டை நிமிர்ந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

சாதம், வாழைக்காய் வறுவல், பூசணிக் குழம்பு. ஓட்டில் காகத்துக்கு ஒரு உருண்டை சோறு வைத்தார்கள். காகம் உடனே வந்தது. மழைக்காலத்தில் அதற்கும் பசிதான். ஏழுமலை இலைமுன் உட்கார்ந்தார். விருந்தாளி முதலில், பிள்ளைகள் பிறகு. அந்த முறையை செல்வி அன்றும் விடவில்லை. பிள்ளைகள் இரண்டும் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் பார்த்துவிட்டார். அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "வயிறு நெறஞ்சிடுச்சிமா" என்று எழப் போனார்.

"உக்காருங்கண்ணா. மறுசோறு வாங்காம எழுந்தா இன்னா அர்த்தம்? எம் புள்ளைங்களுக்கு நீங்க மிச்சம் வெக்கிறீங்கன்னு அர்த்தம்."

அவர் உட்கார்ந்தார். அவள் இரண்டாம் முறை சோறு போட்டாள், தாராளமாக. அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. மிளகாய் அதிகம் என்றார். குழம்பில் காரமே இல்லை. எனக்கும் அழுகை வந்தது.

பிறகு பிள்ளைகளுக்குத் தட்டு வைத்தாள். கொடுத்தவரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டதால் அது தானமில்லை என்றாயிற்று; வெளியே கதவுகள் திறந்தன, பைகள் வந்தன, பாஷா எடை போட ஆரம்பித்தார். ஏழுமலை வீட்டுக்குப் போய் இன்னொரு தரமும் சாப்பிட்டாராம். மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் மொபெட்டை எடுக்கும்போது சின்னவள் ஓடி வந்து, "மாமா, நாளிக்கும் சாப்ட வாங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். மறுநாள் கத்தரிக்காயோடு வந்து உட்கார்ந்தார்.

ஆகவே பிள்ளைகளே, லோடு ஏற்றும்போது விவசாயியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் சாப்பிடாமல் வரச் சொல்லுங்கள்.