கிணற்றுக்குக் கல்யாணம்

அந்தமானில் எங்கள் சௌல்தாரியில் ஓட்டுக் கேட்கப் போனால் வீட்டுக்குக் கோழி வரும் என்றால் ஊரில் இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எங்களுக்கு வந்தது.

முதன்முதலாகப் பஞ்சாயத்துத் தேர்தல் அறிவித்திருந்தார்கள். அதுவரை எங்களுக்கு எது நடக்கவும் போர்ட் பிளேரில் யாராவது ஓர் அதிகாரி மனம் வைக்க வேண்டும். இனி புதுக் கிணறு எங்கே என்பதைப் பஞ்சாயத்தே முடிவு செய்யலாம் என்றதும் என் மனைவி காமாட்சி வேட்பாளராகிவிட்டாள். எங்கள் மேட்டுப் பெண்கள் ஓடைக்கு இறங்கி ஏறியே ஓய்ந்துபோயிருந்தார்கள். எதிர்த்து நின்ற கடைக்காரருக்கோ கிணறு ரோட்டோரம், தன் கடைக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

"ஓட்டு எப்படிக் கேட்பே?" என்றேன்.

"நம்ம சிவகங்கைப் பக்கம் நாலு பேரை எப்படிங்க அழைப்போம்? அப்படித்தான்."

தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், கல்கண்டு. வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று ஒரு வீடு விடவில்லை. ஓட்டுப் பதிவு புதன்கிழமை. தனக்குத் தெரிந்த இந்தியில் "புத்வார் ஜரூர் ஆனா", புதன்கிழமை அவசியம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை காலை வந்துவிட்டார்கள், எங்கள் வீட்டுக்கு. வங்காளி மண்டல் கையில் பெரிய மீன். ராஞ்சிக் குடும்பத்திடம் ஒரு சேவலும் மத்தளமும். எல்லார் உடம்பிலும் பெட்டியில் வைத்திருந்த நல்ல துணி.

"பாபி, துல்ஹா கிதர் ஹை?" அண்ணி, மாப்பிள்ளை எங்கே என்கிறார் மண்டல். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் சேவலைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

வாக்காளருக்குச் சோறு போட்டால் ஆபத்து என்று தேர்தல் அதிகாரி எச்சரித்திருந்தார். போடாமல் அனுப்பினால் ஓட்டோடு மானமும் போகும்.

காமாட்சி அசரவில்லை. மாப்பிள்ளை இல்லை, கிணறுதான் இருக்கிறது என்று கையாலும் வாயாலும் விளக்கினாள். மண்டல் விழுந்து விழுந்து சிரித்தார். "கோயி பாத் நஹீ! குவே கீ ஷாதி!" பரவாயில்லை, கிணற்றுக்குக் கல்யாணமாம்.

மத்தளம் முழங்க எல்லோரும் ஓட்டுச் சாவடிக்குப் போனார்கள். கல்யாண ஊர்வலம் வழி தவறி வந்துவிட்டதென்று அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். காமாட்சி ஜெயித்தாள். முடிவு சொன்ன பிறகுதான் சேவலை அடுப்பேற்றினாள்.

"அவங்க சேவலை அவங்களுக்கே ஆக்கிப் போட்டா அது எப்படிங்க லஞ்சம்?" என்று வேறு கேட்டாள். கிணறு மேட்டில் வந்தது.

அந்த மகளின் நிஜக் கல்யாணத்தைச் சொந்தபந்தத்துக்காகக் கடல் தாண்டி ஊரில், சிவகங்கைப் பக்கம் வைத்தோம். மண்டபம் கொள்ளாத கூட்டம். "அந்தமான்காரங்க பொண்ணாம்" என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். தாலி கட்டும் நேரத்தில் காமாட்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரைத் தேடுறே?"

"நம்ம வார்டு ஜனம் ஒருத்தர்கூட வரலையேங்க" என்றாள்.