ஏலத்தில் கனத்த மவுசர்

இதை நான் குடித்துவிட்டு எழுதவில்லை. நடந்தது பட்டப்பகலில். மணி இரண்டு பதினேழு. கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பழைய ராணுவத் துப்பாக்கிகளை ஏலம் விடும் கூடம் அது. அங்கே எனக்குச் சுமை தூக்கும் வேலை. பெயர் டெல்பர்ட். வெள்ளைக் கையுறை போட்டுத் துப்பாக்கியை மேடையில் நெஞ்சுயரத்துக்கு ஏந்தி நிற்க வேண்டும். விலை முடிந்து சுத்தியல் விழும்வரை இறக்கக் கூடாது. இறக்கினால் ஏலம் கேட்கிறவர்களின் வேகம் குறைந்துவிடும் என்பார் ஏலக்காரர் ஹாஸ்கல். கீழே போட்டால் வேலை போச்சு. என் மனைவி நோராவின் டயாலிசிஸுக்குக் காப்பீடு தருவதும் அந்த வேலைதான்.

அன்று என் கையில் ஒரு ஜெர்மன் மவுசர் துப்பாக்கி. பாகம் எல்லாவற்றிலும் ஒரே எண், எதுவும் மாற்றப்படவில்லை. அப்படிக் கிடைப்பது அரிது. எடை ஒன்பது பவுண்டு.

"பத்தாயிரம் டாலர்!" ஹாஸ்கல் தொடங்கினார்.

பன்னிரண்டாயிரத்தில் லேசாகக் கனத்தது. வயசாகிறது என்று நினைத்தேன்.

பதினாறில் தோள் இறங்கியது. மேடையோரம் நின்ற ராய்ஸ், என்னோடு சுமை தூக்குபவன், இளித்தான்.

"என்ன பெரிசு, காலையில டோனட் திங்கலியா?"

"வந்து ஒரு கை பிடிடா..."

"கேமரா ஓடுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லு."

இருபது. மறுமுனையில் யாரோ தொங்குவதுபோல இருந்தது.

இருபத்திரண்டு. கையுறைக்குள் ஏதோ நுழைந்தது... ஜில்லென்று. மணிக்கட்டைப் பிடித்தது.

இழுத்தது.

கத்தப் பார்த்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது; பல்லைக் கடித்தேன். தொலைபேசியில் ஒருவர், முன்வரிசையில் ஒருவர், மாறி மாறி விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள்.

இருபத்தாறு...

முப்பது...

முழங்கால் மடங்கியது.

நோரா...

டம்!

சுத்தியல். முப்பத்தோராயிரம். மணி இரண்டு இருபத்தொன்று. ராய்ஸ் வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் அந்தப் பிடி விட்டது.

பின்னறையில் கையுறையைக் கழற்றினேன். மணிக்கட்டில் கருநீலமாக இரண்டே தடம். ஒரு கட்டைவிரல். ஒரு சுண்டுவிரல்.

மவுசரை விற்க வந்த விதவை, திருமதி திபோடோ, அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்களையுமா?"

"என்னம்மா சொல்றீங்க?"

"என் வீட்டுக்காரர் சண்டைக்குப் போனப்ப எடுத்தது. பனியில செத்துக் கிடந்த ஒரு ஜெர்மன் சிப்பாய்ப் பையன் கையிலேர்ந்து. பிடிய விடவே இல்லையாம். நடுவுல மூணு விரலை ஒடிச்சுத்தான் எடுத்தேன்னு, சாகும்போதுதான் சொன்னாரு."

கூடத்திலிருந்து ஹாஸ்கல் என் பெயரைக் கூப்பிட்டார்.

திபோடோ வீட்டுத் துப்பாக்கி இன்னும் நாலு ஏலத்துக்குப் பாக்கி இருந்தது.