பக்கத்தில் நின்ற குற்றம்

இந்த நாட்டில் தேர்தல் வந்தால் எதிராளியின் படத்தைத்தான் அதிகம் அச்சடிக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது பிடிபடவே இல்லை. ராஜபாளையத்தில் எதிர்க்கட்சிக்காரன் படத்தை யாராவது கைக்காசு போட்டு அச்சடிப்பார்களா? சாணி அடிப்பதென்றால்கூட அவனே ஒட்டிய போஸ்டரைத் தேடிப்போய்த்தான் அடிப்பார்கள். இங்கே பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டுத் தபால்பெட்டியைத் திறந்தால், வழவழப்பான அட்டையில் ஜனாதிபதி வேட்பாளர் ஒருவர் சாம்பல் நிறத்தில் கிடப்பார். தும்மப் போகிற நேரத்தில் பிடித்த முகம் போல இருக்கும். பக்கத்தில் இன்னோர் ஆள், அந்த ஆளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இவர் அவரோடு நின்றார், அவர் எப்படிப்பட்டவர் தெரியுமா என்று கீழே எழுதியிருக்கும். வேட்பாளர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரி இருக்காது. யார் தோளில் கை போட்டார், எந்தக் காலத்தில் யார் வீட்டு விருந்தில் சாப்பிட்டார் என்பதுதான் வழக்கு. ஜனாதிபதி நாற்காலிக்கான சண்டையில் பாதி இப்படித்தான் நடக்கிறது. நானும் அந்த அட்டைகளைப் படிக்காமலேயே குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் ஒருநாள் அந்த அட்டையில் என் முகம் வந்தது. அதற்கு முந்தைய சித்திரையில் எங்கள் கோயில் மண்டபத்தில் வருடப்பிறப்பு விழா நடந்தது. வேட்பாளர் தலைகாட்டிவிட்டுப் போவதாக ஏற்பாடு. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவள் நான். அரக்குப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. வேட்பாளரை அழைத்து வந்தவர் நீலக் கோட்டு போட்ட உள்ளூர்ப் பணக்காரர், தேர்தலுக்கு அள்ளிக் கொடுக்கிறவர் என்றார்கள். நான் வைத்த உளுந்தவடையை அந்த நீலக் கோட்டுக்காரர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றார். படம் எடுக்கும்போது ஒதுங்கிய என்னை, "ஓரமா ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று கமிட்டிச் செயலாளர் நீலக் கோட்டின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சில மாதம் கழித்து அந்த நீலக் கோட்டுக்காரர் ஓர் அடியாள் கும்பலுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தவர் என்று செய்தி வந்தது. கும்பல் ஓர் ஊர்வலத்தில் புகுந்து மண்டைகளைப் பிளந்திருந்தது. உடனே எதிரணி விளம்பரம் போட்டது. வேட்பாளரைச் சுற்றி ஒரு வட்டம், நீலக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் போட்டவன் கொஞ்சம் தாராளமாகச் சுற்றிவிட்டான், நானும் உள்ளே இருந்தேன். முழுப்பல் தெரியச் சிரித்துக்கொண்டு, அட்டையிலும் தொலைக்காட்சியிலும்.

ஒரு மாலை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை ஜன்னல் வெடித்தது. துப்பாக்கிச் சூடு என்றுதான் நினைத்தேன். தரையில் படுத்த பிறகுதான் செங்கல் கண்ணில் பட்டது. கண்ணாடிச் சில்லு முழங்கையில் ஏறி இரத்தம் வெண்டைக்காய் மீது சொட்டியது. செங்கலைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு என் முகம் இருந்த அட்டையைக் கட்டியிருந்தார்கள். கண்கள் இரண்டும் ஆணியால் குத்திக் கிழிக்கப்பட்டிருந்தன. வந்த போலீஸ்காரர் இளைஞர், மரியாதையானவர். அந்த மனிதரைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகு எப்படிப் பக்கத்தில் நின்றீர்கள்? வடை கொடுத்தேன் என்றேன். வடை என்றால்? நடுவில் ஓட்டை போட்ட பருப்பு டோநட் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தெரியாதவருக்கு எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். வாசலுக்கு வந்தவரிடம் நீ யார், எத்தனை பேர் மண்டையை உடைத்தாய் என்று விசாரித்தா வடை வைப்பது? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். "அப்படியானால் அவர் உங்கள் விருந்தாளி" என்று தலையாட்டிக்கொண்டார். பக்கத்தில் எப்படி நின்றாய் என்கிற இந்தக் கேள்வி என் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. அதைக் கேட்டவன் கையில் அரிவாள் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பிளெக்ஸ் வைப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கீழே, வரிசை வரிசையாக மாமன், மச்சான், நண்பர்கள் முகங்கள். யாரிடமும் கேட்டுப் போடுவதில்லை, செல்போனில் எது அகப்படுகிறதோ அதை வெட்டி ஒட்டுவார்கள். யார் பக்கத்தில் யார் என்பது பிளெக்ஸ் கடைப் பையன் இடத்தைப் பார்த்து முடிவு செய்வது. விட்டுப்போனால்தான் வம்பு. தன் முகம் இல்லையென்று ஒரு மாமா தளவாய்புரத்தில் பிளெக்ஸைக் கிழித்து, மண்டபத்தில் நாற்காலிகளை உடைத்து, தாலி கட்டும் நேரத்தில் மூக்கில் இரத்தத்தோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லாரையும் போட்டுவிடுவார்கள். என் அண்ணன் செல்வராஜ் பட்டாளத்தில் இருந்து திரும்பி, ராஜபாளையத்தில் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அவனிடம் மோட்டார் கொடுத்து வாங்குகிற ஒருவர் வீட்டுக் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. பிளெக்ஸில் அண்ணனையும் பட்டாள உடையில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் முருகேசன் என்று ஒருவன். அண்ணன் அவனைக் கண்ணால் பார்த்ததில்லை. கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அந்த முருகேசன் வரப்புத் தகராறில் ஓர் ஆளை வெட்டிக் கொன்றுவிட்டு ஓடிப்போனான்.

செத்தவனுடைய ஆட்களுக்கு முருகேசன் கிடைக்கவில்லை. பிளெக்ஸ் படம் கிடைத்தது. அண்ணன் சாலை பிரிகிற வன்னியம்பட்டி விலக்கில் பட்டப்பகலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஊருக்கு லீவில் போயிருந்த நான் பக்கத்துக் கடையில் கொய்யாப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்தவர்களில் ஒருவன் செல்போனை நீட்டி, "ஏலே, நீ முருகேசன் ஆளுதான?" என்றான். "எந்த முருகேசன்?" என்றான் அண்ணன். "பக்கத்துல நின்னு பல்லக் காட்டிருக்க, எந்த முருகேசனாம்லா!" முதல் வெட்டு கழுத்துக்கு வந்தது. அண்ணன் வலது கையைக் குறுக்கே கொடுத்தான். விரல்கள் டீக் கடை பெஞ்சின் மேல் விழுந்தன. இரண்டாவது வெட்டு தோளில், மூன்றாவது முதுகில். பால் சட்டி கவிழ்ந்து, பாலும் இரத்தமும் சேர்ந்து என் செருப்புக்கு அடியில் ஓடியது. நான் கத்தவில்லை. கொய்யாப்பழங்களை எடுத்து அவர்கள் மேல் எறிந்தேன். இன்று நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபமும் சிரிப்பும் ஒருசேர வரும். அரிவாளுக்கு எதிராகக் கொய்யாப்பழம்! அண்ணன் பிழைத்தான். ஸ்குரூ டிரைவர் பிடிக்க இடது கைக்குப் பழக்கினான். வெட்டியவர்களில் ஒருவன் பின்பு கோர்ட்டு வாசலில், "தெரியாம நடந்துபோச்சுண்ணே" என்று சொன்னதாகக் கேள்வி.

இங்கே அரிவாள் இல்லை, வட்டம்தான் என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வட்டம் போடுகிறவர் கோட்டு போட்டுக்கொண்டு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறார், செங்கலை வேறொருவன் எடுக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் என்னைப் பார்த்ததும், இந்தப் பெண் தொட்ட பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இன்னொருவர் நான் அந்தக் கும்பலின் ஆள் என்று நினைத்து, ரகசியமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இரண்டாமவரைக் கண்டுதான் அதிகம் நடுங்கினேன். கோயில் இணையப் பக்கத்தில் இருந்த என் படங்களையெல்லாம் எடுக்கச் சொன்னேன். செல்போனில் இருந்தவற்றையும் அழித்தேன். இனி எவர் பக்கத்திலும் நிற்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் கூப்பிட்டான். அவன் மகள் வள்ளிக்கு ஐப்பசியில் கல்யாணம். எனக்கு லீவு கிடைக்கவில்லை, போக முடியாது.

"ஏட்டி, பிளெக்ஸு அடிக்கணும். ஒன் போட்டோ ஒண்ணு அனுப்பு."

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பிளெக்ஸால கை போனவன், மறுபடியும் பிளெக்ஸு வைக்கியா?"

"வெட்டுனவன் வெட்டிட்டுப் போயிட்டான். அதுக்காவ எம் மவ கலியாணத்துக்கு மூஞ்சி இல்லாத பிளெக்ஸா வைக்க முடியும்? அத்தைக்காரி படம் இல்லன்னா ஊரு என்ன சொல்லும்?"

நான் கத்தினேன். என் முகத்தை எங்கேயும் போடக் கூடாது, போட்டால் உன்னோடு பேச மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டான். செங்கல் சங்கதியை அதுவரை அவனிடம் சொல்லவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், அந்த விளம்பரத்தையும் அவனுக்கு அனுப்பினேன். "கண்ணுல கண்ணாடி கிண்ணாடி படலியே?" என்று மட்டும் கேட்டான்.

கல்யாணத்தன்று வாட்ஸ்அப்பில் பிளெக்ஸ் வந்தது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம், இரண்டு ஆள் உயரம். அண்ணன் விரலில்லாத கையையும் சேர்த்துக் கும்பிட்டபடி நிற்கிறான். அவனுக்கு அடுத்து நான். அரக்குப் பட்டு, மல்லிகை, முழுப்பல் சிரிப்பு. பெயருக்குக் கீழே 'அத்தை, அமெரிக்கா'. விளம்பரத்திலிருந்துதான் வெட்டியிருக்கிறான். சிவப்பு வட்டத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் ரோஜாப்பூ வளையம் போட்டிருந்தார்கள். ஆனால் என் இடப்பக்கத்தில், அழிக்க முடியாமல், ஒரு நீலத் தோள் மிச்சம் இருந்தது.

உடனே கூப்பிட்டேன். பின்னால் மேளம் முழங்கியது.

"அண்ணே, அந்தத் தோளு அவனோடது. அவன் கெட்டவன்ணே."

"அவன் கெட்டவனா இருந்துட்டுப் போறான். நீ கெட்டவ இல்லலா?"

"யாரும் கேட்டா?"

"கேட்டாவளே. நீலக் கோட்டு யாருன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரவிய கேட்டாவ. எனக்குத் தெரியாது, எந் தங்கச்சிய எனக்குத் தெரியும்னு சொன்னேன். பொறவு பந்திக்குப் போயிட்டாவ."

இவ்வளவு எளிதாகவா முடியும்! வன்னியம்பட்டி விலக்கில் அன்றைக்கு யாராவது இப்படி ஒரு பதிலைக் காதில் வாங்கியிருந்தால் அவன் கையில் விரல்கள் இருந்திருக்கும். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தொலைக்காட்சியில் அந்த விளம்பரம் மறுபடியும் ஓடியது. அதே சேலை, அதே சிரிப்பு, சுற்றிச் சிவப்பு வட்டம். கையில் இருந்த செல்போனில் சுற்றிலும் ரோஜாப்பூ. இரண்டிலும் என் பக்கத்தில் அதே நீலத் தோள். புதிதாக மாட்டிய ஜன்னலுக்கு வெளியே கார் ஒன்று வேகம் குறைந்து நின்றது. நான் வெண்டைக்காய்க் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜன்னல் திரையை மூடாமல், அங்கேயே நின்றேன்.