மிளகாய் அரைத்த கை

யாருக்காவது சாபம் குடுத்திருக்கியான்னு என்னைக் கேட்டா, போன தை மாசம் வரைக்கும் நிமிந்து நின்னு இல்லைன்னு சொல்லியிருப்பேன். கோவம் வரும், வாய் நீளும், அதெல்லாம் உண்டு. பால்காரர்ல இருந்து கரண்டு ரீடிங் எடுக்கறவர் வரைக்கும் என்கிட்ட வாங்கிக் கட்டிக்காத ஆள் இந்த வீதியில இல்லை. ஆனா சாபம்னு ஒருத்தருக்கும் குடுத்ததில்லை. ஒரே ஒரு தடவை குடுத்தேன். அதுவும் கோயில்ல வெச்சு, மொளகா அரைச்சு.

எங்க வீடு கணபதிங்கற ஏரியாவுல. முன்னாடி ஒர்க்‌ஷாப்பு, பின்னாடி குடித்தனம். எங்க வீட்டுக்காரரு லேத்துல பம்புக்குப் பாகம் கடைஞ்சு குடுத்துட்டிருந்தாரு. கொரோனாவுல போயிட்டாரு. ஆஸ்பத்திரியில இருந்து நேரா மயானம். மூட்டையாட்டக் கட்டி எடுத்துட்டுப் போனாங்க, மூஞ்சியக்கூடக் காட்டல. அவரோட அண்ணனும் எட்டிப் பாக்கல, அண்ணன் சம்சாரம், அதான் எனக்கு ஓரகத்தி, அவளும் எட்டிப் பாக்கல. யாரும் வர முடியாத காலம்தான், எனக்குத் தெரியாம இல்லை. இருந்தும் மனசுல முள்ளா நின்னுபோச்சு. அதுக்கப்புறம் ஒர்க்‌ஷாப் ஷட்டரைத் தூக்கவே இல்லை. வீட்ல இருந்த ஷட்டர் சாவியும் எங்கயோ காணாமப் போச்சு. இன்னொரு சாவி எந்தக் காலத்துலயோ சாமான் போட்டு வெக்கக் குடுத்தது, ஓரகத்தி வீட்லதான் இருந்துச்சு.

மிச்சம் நானும் எம்மகளும்தான். அவளுக்கு ஐடி கம்பெனியில வேலை, வீட்ல இருந்தே பாக்கறா. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட மூணு தடவை கத்தோணும்.

அந்தத் தை மாசம் ஒருத்தர் ஒர்க்‌ஷாப்பை வாடகைக்குப் பாக்க வர்றேன்னு சொல்லியிருந்தாரு. தூசி தட்டலாம்னு சமையக்கட்டுப் பக்கமா இருக்கற உள்கதவைத் திறந்து போனேன். லேத்துக்குப் பின்னாடி ஒரு தகரப் பொட்டி. அவரு டூல்ஸ் வெக்கற பொட்டியாக்கும்னு மூடியத் தூக்கினேன்.

உள்ள கருப்புத் துணி விரிச்சிருந்துச்சு. அதுமேல ஒரு பொம்மை, ஒரே உடம்புல மூணு மூஞ்சி, கையில தீப்பந்தம், காலடியில கருப்பு நாய். பக்கத்துல பூண்டு, ஒரு முட்டை, கருப்பு மெழுகுவத்தி பாதி எரிஞ்சது. காணாமப் போன ஷட்டர் சாவி. எங்க வீட்டுக்காரரோட பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அதுக்கும் கீழ, கருப்பு நூல்ல சுத்தின கொஞ்சம் முடி. பாதி நரை, பாதி மருதாணிச் செவப்பு. என்ற முடி.

ஐயோ சாமி, செய்வினை! முடி எடுத்து நூல் சுத்தி வெச்சா அது எதுக்குன்னு எங்க பக்கத்துல எந்தக் கொழந்தையும் சொல்லும். அவரைத் தூக்கியாச்சு, அடுத்தது நானு. அட கெரகமே, நாலு வருசமா எங்க வீட்டுக்குள்ளயே எனக்குக் குழி தோண்டியிருக்கறாங்கன்னு நெனச்சேன். யாருன்னு யோசிக்க ஒரு நிமிசம்கூட ஆகல. இன்னொரு சாவி யாரு வீட்ல இருக்குது? பொங்கலுக்கு வந்தப்ப தலைவாரச் சீப்பு எங்கன்னு கேட்டது யாரு?

எம்மககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. அப்பன் போனதுல இருந்து பாதியாயிட்டா, இதையும் சொல்லிப் பயமுறுத்தோணுமான்னு பொள்ளாச்சியில ஒரு விசேசம்னு சொல்லிப்போட்டு மறுநாள் காலையில கெளம்பினேன். போட்டோவை மட்டும் எடுத்து வெச்சுட்டு, பொட்டியைப் பையில போட்டுக்கிட்டேன். உக்கடத்துல பஸ் மாறறப்ப பெரிய குளத்துல அப்படியே வீசினேன். முழுகற வரைக்கும் நின்னு பாத்தேன்.

பொள்ளாச்சி தாண்டி ஆனைமலையில படுத்த கோலத்துல ஒரு அம்மன் இருக்கறா. மயானத்துக்காரி. அநியாயம் நடந்தா பொம்பளைக அங்க போய் மொளகா அரைச்சு, அங்க இருக்கற கல்லு மேல பூசி மொறையிடுவாங்க. அந்த எரிச்சல் கெட்டது செஞ்சவங்களைப் போய்ப் புடிக்கும்னு நம்பிக்கை. காரியம் ஆனதும் திரும்பப் போய் எண்ணெய் ஊத்திக் குளிர வெக்கோணும்.

நானும் அரைச்சேன். ஆட்டுக்கல்லு முன்னாடி உக்காந்து வெறுங்கையில தள்ளித் தள்ளி அரைச்சேன். ஓரகத்தி பேரைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. என்ன இருந்தாலும் ரெண்டு புள்ளை பெத்தவன்னு முழுங்கிட்டேன். பேர் சொல்லாமலே கல்லுல பூசினேன். "எந்தக் கை என்ற முடியை அதுல வெச்சுதோ, அந்தக் கை எரியட்டும் தாயே. விளங்காமப் போகட்டும்." வாய்விட்டேதான் சொன்னேன். பின்னாடி நின்ன ரெண்டு பேர் என்னைப் பாத்தாங்க.

திரும்பி வர்றப்ப பாரம் எறங்கின மாதிரித்தான் இருந்துச்சு. கெணத்துக்கடவுகிட்ட பஸ் நிக்கறப்ப போன் அடிச்சுது. எம்மக.

"அம்மா, ஒர்க்‌ஷாப்புல லேத்துக்குப் பின்னாடி ஒரு பொட்டி இருந்துச்சு, பாத்தியா?"

"உனக்கெப்படி அது தெரியும்?"

"என்னோடதும்மா அது."

பஸ் அதுக்குள்ள நகர ஆரம்பிச்சிருச்சு. "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு கத்திட்டு எறங்கிப்போட்டேன். கண்டக்டர் என்னமோ திட்டினாரு, காதுல ஏறல. கண்ணுல தண்ணி கொட்டுது, தொடைக்கறேன், தொடைச்ச கை மொளகாக் கை. ரோட்டோரம் கண்ணைத் தொறக்க முடியாம நின்னு "ஐயோ எம்மக, ஐயோ எம்மக"ன்னு அரற்றினேன். எளநிக் கடைக்காரர் ஓடி வந்து, "ஏனுங்கம்மணி, என்னாச்சுங்க"ன்னு மூஞ்சியில தண்ணி ஊத்தினாரு.

பக்கத்துக் கடையில நல்லெண்ணெய் ஒரு லிட்டர் வாங்கிக்கிட்டு அடுத்த பொள்ளாச்சி பஸ்ஸைப் புடிச்சேன். கோயில்ல பூசாரிகிட்ட, "சொன்னதைத் திருப்பி வாங்கிக்க முடியுங்களா"ன்னு கேட்டேன்.

"யாருக்குங்க சொன்னீங்க?"

"எம்மகளுக்குங்க."

அவரு என்ற கையில இருந்த எண்ணெயைப் பாத்தாரு. அப்புறம், "எண்ணெய்க் காப்பு செஞ்சு குளிர வெச்சுட்டுப் போங்க. தாய்க்குத் தாய் மனசு தெரியாதுங்களா"ன்னாரு. தெரியும்னு அடிச்சுச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். பாதி எண்ணெயை அங்க ஊத்தினேன். தாயே, ஆள் தெரியாமச் சொல்லிட்டேன், கேக்காதது மாதிரி இருந்துக்கன்னு கெஞ்சினேன்.

வீட்டுக்கு வந்து சேர்றப்ப விளக்கு வெக்கற நேரம். எம்மக ஒர்க்‌ஷாப்புல லேத்துக்குப் பக்கத்துல வெறுந்தரையில உக்காந்திருந்தா. பொட்டி குளத்துக்குள்ள இருக்குதுன்னு சொன்னேன். சத்தம் போடுவான்னு பாத்தேன். அழுதா.

அந்த மூணு மூஞ்சிப் பொம்மை ஏதோ கிரீஸ் நாட்டுச் சாமியாமா. பேர் என்ற வாயில நுழையல. செத்தவங்க லோகத்துக்குச் சாவி வெச்சிருக்கறவளாம், முச்சந்திக்கெல்லாம் அவதான் ராணியாம். அந்த நாட்டுலயே கோயில் இல்லாமப் போன சாமியை இப்ப இன்டர்நெட்டுல ஊர் ஊரா ஆளுக திரும்பக் கும்பிடறாங்களாம். அமாவாசைக்கு அமாவாசை பூண்டும் முட்டையும் வெக்கறதுதான் அவளுக்குப் படையலாம். நான் கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து இவ இங்க வந்து உக்காந்திருக்கறா. நாலு வருசம் என்கிட்ட மூச்சு விடல.

"ஏன் கண்ணு, நம்ம சாமியெல்லாம் செத்துப் போச்சா?"

"அப்பா மொகத்தை நாம பாக்கலீல்லம்மா. இருட்டுல தனியாப் போயிருப்பாங்க. இவ பந்தம் புடிச்சுக் கூட்டிட்டுப் போறவளாம். படிச்சதும் புடிச்சுக்கிட்டேன். பயமாத்தான் இருக்கறா. ஆனா அப்பா இப்ப அவகிட்டத்தான இருக்கறாங்க."

இத்தனை நாள் அந்த லேத்துக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் இவளு. தனித்தனியா அழுதிருக்கறோம். ஆனா கேக்க வேண்டியது இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு.

"சரி. என்ற முடி எதுக்கு அதுல?"

தலை குனிஞ்சுக்கிட்டா. "உன் சீப்புல இருந்து எடுத்தேன். மாசாமாசம் அவகிட்டக் காட்டுவேன். 'இவங்களைப் பாத்து வெச்சுக்க, இவங்களை மட்டும் இப்பக் கூப்பிட்டுக்காத'ன்னு. வேறெதும் கேட்டதில்லைம்மா."

அங்கயே உக்காந்துட்டேன். மறைக்க முடியல, எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஆனைமலை, மொளகா, கல்லு, நான் சொன்ன வார்த்தை, ஒண்ணு விடாம. அவ என்னையே பாத்துட்டிருந்தா. அப்புறம் சோத்துக்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"இந்தக் கைதாம்மா வெச்சுது"ன்னு நீட்டினா.

பையில மிச்ச எண்ணெய் இருந்துச்சு. உள்ளங்கை நெறைய ஊத்தி அவ கையைப் புடிச்சு, விரல் விரலா, மணிக்கட்டு வரைக்கும் தேய்ச்சேன். குளிரட்டும் தாயே, குளிரட்டும் தாயேன்னு சொல்லிக்கிட்டே தேய்ச்சேன். காலையில இருந்து எத்தனை தடவை சோப்புப் போட்டும் என்ற கை காந்திட்டே இருந்தது அப்ப எனக்கு நெனப்புலயே இல்லை.

கொஞ்ச நேரம் கையைக் குடுத்துட்டிருந்தா. அப்புறம் மெதுவா இழுத்தா.

"அம்மா," ன்னா, "எரியுதும்மா."