தராசுத் தட்டில் சந்தனம்

மகாதேவி அக்கா ஜேர்மனியின் எசன் நகரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறார். ஆள் என் தோள் உயரம்தான். அதிர்ந்து பேசமாட்டார். அவருடைய பொழுதுபோக்கோ மக்னம் ரிவால்வர்! சுடும் சங்கத்தில் உறுப்பினர். தோட்டாக்களையும் தானே செய்கிறார். அதற்கு வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதி எடுத்தவர். இங்கே அது இல்லாமல் வெடிமருந்தைத் தொட்டால் பொலிஸ் வீட்டுக்கு வந்துவிடும்.

வேலை நடப்பது வீட்டின் அடியில் உள்ள கெல்லர் அறையில். சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கோதுகளைக் கழுவிக் காயவைப்பார். கைப்பிடி இழுக்கும் பிரஸில் வைத்து அவற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார். மருந்தைச் சின்னத் தராசில் நிறுத்து ஊற்றி, மேலே ஈயச் சன்னத்தை வைத்து அழுத்துவார். பலகாரம் சுடும்போது பக்கத்தில் நின்று கதைக்கலாம், இதற்கு யாரும் வாய் திறக்கக்கூடாது.

கணவர் யோகலிங்கம் அண்ணை வெடிச்சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவர். சங்கத்துக்கு மனைவியைக் காரில் கூட்டிப்போவார், உள்ளே போகமாட்டார். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், சிரிப்பும் வரும்.

அக்காவின் ஒரே ஆசை மாநிலப் போட்டிக்குப் போவது. வருடாவருடம் தகுதிச் சுற்றிலேயே சறுக்கினார். காரணம் எல்லாருக்கும் தெரியும். விசையை அழுத்தும்போதே, துப்பாக்கியின் உதைப்பை நினைத்துக் கை முந்திக் குனிந்துவிடும். மருந்தைக் கொஞ்சம் குறைத்தால் என்ன என்று கேட்டேன்.

"குறைச்சா, பொம்பிளைக்கு மக்னம் ஏலாது எண்டு சங்கத்து ஆம்பிளையள் சொல்லுவாங்கள்" என்றார்.

வீம்புதான், வேறென்ன!

போன விஜயதசமியன்று வீட்டில் எல்லோரும் தங்கள் தொழிற் சாமான்களுக்குச் சந்தனம் வைத்தார்கள். அக்கா தன் கரண்டியையும் கத்தியையும் சாமிப்படத் தட்டடியில் வைத்தார். கெல்லர்ச் சாமான்கள் அதில் சேருவதே இல்லை. அண்ணைக்குப் பிடிக்காது என்று அக்காவும் கேட்பதில்லை.

அந்த வார இறுதியில் தகுதிச் சுற்று. முதல் சோதனை வெடிகள் சற்று மேலே பட்டன. அக்கா குறிகாட்டியைத் திருத்திக்கொண்டு சுட்டார். கை குனியவே இல்லை. அடுக்கடுக்காக நடுவட்டம்! சங்கத்து ஆம்பிளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகு நடுவர் வழக்கம்போல அக்காவின் தோட்டாக்களில் சிலவற்றை எடுத்து, வேகம் அளக்கும் கருவிக்கு முன்னால் சுட்டார். மக்னம் என்றால் குறைந்தபட்ச வலு இருக்க வேண்டும் என்பது விதி. அக்காவின் தோட்டாவில் அது இல்லை. புள்ளிகள் எல்லாம் செல்லாமல் போயின.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேரே கெல்லருக்கு இறங்கினார். தராசுத் தட்டைத் தூக்கித் திருப்பினார். அடியில் காய்ந்த சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். விஜயதசமிக்கு முதல் நாள் பூச்சியத்தில் நிறுத்திய தராசு. யார் தொடப்போகிறார்கள் என்று மறுபடி பார்க்காமலே தோட்டா செய்திருக்கிறார். பொட்டின் பாரம் அளவுக்கு ஒவ்வொன்றிலும் மருந்து குறைந்திருக்கிறது.

"இஞ்சாருங்கோ! இது உங்கட வேலையோ?"

அண்ணை படியிலேயே நின்றுவிட்டார். "மேல வைச்சா நீர் துடைச்சுப்போடுவீர் எண்டுதான் அடியில வைச்சனான்."

"என்னத்துக்கு? இந்தச் சாமான் உங்களுக்குக் கண்ணில காட்டக்கூடாதே!"

"உம்மட கைக்கு ஒண்டும் வரப்படாது எண்டு கும்பிட்டனான். உதை கொஞ்சம் குறையவேணும் எண்டும் கேட்டனான்."

கோபப்படத்தான் அக்கா வாயைத் திறந்தார், சிரிப்பு வந்துவிட்டது. "சாமி கேட்டதைச் செய்திட்டாரப்பா!" என்று பிரஸைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். கண்ணில் தண்ணீரும் வந்தது. சாமிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வசந்தத்தில் இன்னொரு தகுதிச் சுற்று இருந்தது. அக்கா வீம்பை விட்டு, விதி கேட்கும் வலுவுக்குச் சற்றுமேல் நிற்கும்படி மருந்தைக் குறைத்தார். புறப்படும் காலை கணவரைச் சந்தனக் கிண்ணத்தோடு கெல்லருக்குக் கூப்பிட்டார். அவர் பிரஸின் கைப்பிடிக்குப் பொட்டு வைத்தார்.

"தராசுக்கு?" என்றார் தயங்கியபடி.

"தராசுக்கு வேண்டாம். என்ர நெத்தியில வையுங்கோ."

நடுவர் வேகம் அளந்து தலையாட்டினார். புள்ளிகள் செல்லுபடியாகின. மாநிலப் போட்டிக்குத் தகுதி! நெற்றிச் சந்தனம் வியர்வையில் மூக்குவரை வழிந்திருக்க, அக்கா கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார். உள்ளே இன்னும் வெடிகள் கேட்டுக்கொண்டிருந்தன. காரில் பாட்டு இல்லை. அண்ணை கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.