முப்பது நாளைக்குள்ள

“வெளிச்சத்தப் பாத்தா திரும்புறா டாக்டரம்மா. என்னையப் பாத்தா திரும்ப மாட்டேங்கிறா.”

ஆறு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. ஆண்டிமடம் பக்கத்து ஊர்க்காரி, முந்திரிக் காட்டில் கூலி வேலை. பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கண் பிரிவில் நான் அப்போது நர்ஸ். குழந்தையின் தலையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற தலை. டார்ச்சை அடித்ததும் கண்மணி கறுப்பாகத் தெரியவில்லை, வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கே அது என்னவென்று தெரிந்துவிட்டது. டாக்டரம்மாவின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டாக்டரம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கண் டாக்டர்களிலேயே அவர் விழித்திரை நோய்களை மட்டும் பார்க்கிறவர். கண்ணுக்கு உள்ளே, பின்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை. அது கெட்டால் எந்தக் கண்ணாடி போட்டும் பயனில்லை. சென்னையில் பெரிய இடத்தில் வேலை செய்துவிட்டு, சொந்த மாவட்டம் என்று பெரம்பலூருக்கு வந்தவர். அவருடைய அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டுக் காப்பாற்றிய குடும்பம் என்பதை அவர் மறைத்ததும் கிடையாது, சொல்லிப் பெருமைப்பட்டதும் கிடையாது. ஆனால் கத்துவார். சர்க்கரை நோயை வருஷக்கணக்காகக் கவனிக்காமல் விட்டுவிட்டு, கண்ணுக்குள் ரத்தம் கசிந்த பிறகு வருகிறவர்களிடம், “கால்ல புண்ணு வந்தாத்தான் சர்க்கரையா? கண்ணு போறது வலிக்காதுய்யா, அதான் ஒனக்குத் தெரியல!” என்று கத்துவது வெளியே வரிசையில் இருக்கிற கடைசி ஆள்வரைக்கும் கேட்கும். மக்களுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. “கத்துற டாக்டருக்கு ஒரு சீட்டு போடுங்க” என்று அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

அன்றைக்கும் கத்தினார். தலையில் மாட்டிய விளக்கைக் கழற்றாமலேயே அந்தப் பெண்ணைப் பார்த்து, “கொறமாசத்துல பொறந்த புள்ளைய ஆறு மாசம் கழிச்சுத் தூக்கிட்டு வரியே, இத்தன நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்த நீ?” என்றார்.

அவள் அழவில்லை. தப்பு செய்துவிட்டோமோ என்று யோசிப்பவள்போல நிதானமாகச் சொன்னாள். “வெய்ட்டு ஏறிடுச்சு, நல்லாருக்கு, கூட்டிட்டுப் போன்னு சொன்னாங்க. தடுப்பூசி ஒண்ணையும் விடலீங்க. சொன்ன தேதிக்கெல்லாம் போனேன். கண்ணக் காட்டணும்னு யாரும் சொல்லலீங்களே. சொல்லியிருந்தா நடந்தாவது வந்திருப்பேனே.”

டாக்டரம்மா விளக்கைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஒன்னத் திட்டினது தப்பும்மா” என்றார்.

பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதங்களில்தான் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் ஓரம்வரை வளர்ந்து முடியும். அதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கும். பிறகு குழாய்கள் கண்டபடி வளர ஆரம்பித்து, விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். பிறந்த முப்பது நாளைக்குள் கண்ணைப் பார்த்துவிட்டால், தேவைப்படும் குழந்தைக்கு லேசர் வைத்துப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தவறவிட்டால் ஆயுசுக்கும் இருட்டு. குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பார்க்கிற ஒவ்வொரு மருத்துவருக்கும் இது பாலபாடம். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்காதது இதனால்தான். இது யாருக்கும் தெரியாத நோய் இல்லை, மருந்து கண்டுபிடிக்காத நோயும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

டாக்டரம்மா அவர்களைச் சென்னைக்கு அனுப்பினார். தன்னோடு படித்த டாக்டரிடம் போனில் பேசி, ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியும், அவ்வளவுதான் மிஞ்சியது. அந்தச் செய்தி வந்த அன்று மத்தியானம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, “வா, அரியலூர் போறோம்” என்றார்.

குழந்தையை மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த நர்சிங் ஹோம் அங்கேதான் இருந்தது. அதன் முதலாளியும் டாக்டர்தான், மருத்துவக் கல்லூரியில் டாக்டரம்மாவுக்குச் சீனியர். சிரித்துக்கொண்டே வரவேற்று டீ வரவழைத்தார். டாக்டரம்மா டீயைத் தொடவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, “இனிமே இங்க சேருற ஒவ்வொரு கொறமாசக் கொழந்தையையும் நான் வந்து பாக்குறேன். காசு வேண்டாம். கதவத் தெறந்து விட்டாப் போதும்” என்றார்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஒன்னேகால் கிலோவுல இருந்த உசுரக் காப்பாத்திக் குடுத்திருக்கோம். அதப் பேச மாட்டேங்கிறீங்க. நீங்க வந்து கண்ணப் பாத்தா, நாங்க ஏதோ கெடுத்துட்டோம்னு பெத்தவங்க நெனப்பாங்க. எனக்கு எதுக்கு அந்தக் கெட்ட பேரு?”

“கெட்ட பேருக்குப் பயந்தா கண்ணப் பாக்காம விட்டீங்க?”

சிரிப்பு போய்விட்டது. “பாத்துப் பேசும்மா. நீ எங்கேர்ந்து வந்தவன்னு எனக்குத் தெரியும்.”

அந்த ஒரு வாக்கியத்துக்குள் என்னவெல்லாம் இருந்தது என்பது எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் விளங்கும். டாக்டரம்மா எழுந்துகொண்டார். “ஆமா சார். இந்த வாசல்ல புள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்கிற பொம்பளைங்க எங்கேர்ந்து வராங்களோ, அங்கேர்ந்துதான் வந்தேன்” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் கத்தாமல் பேசினால் அது எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் பெரம்பலூர் திரும்புவதற்குள் எங்கள் நிர்வாகிக்குப் போன் வந்துவிட்டது. “மேடம், கண்புரை ஆபரேஷனுக்கு அவருதான் நமக்கு ஆள் அனுப்புறவரு. அவரப் பகைச்சுக்கிட்டா எப்படி?” என்று தன்மையாகத்தான் கேட்டார். தன்மையாகக் கேட்கிறவர்கள்மேல் எனக்கு அன்றிலிருந்து நம்பிக்கை இல்லை.

குழந்தையின் அம்மா அடுத்த வாரம் வந்தாள். யார் மூலமோ அவளுக்கு விஷயம் போயிருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் உட்காரக்கூட இல்லை. “அவரப் போய்த் திட்டிட்டு வந்தீங்களாமே. திட்டிட்டா எம் புள்ளைக்குப் பார்வ வந்துருமாங்க? அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள இன்னிக்கு ஒரு புள்ள படுத்திருக்கும்ல? அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?” என்றாள். டாக்டரம்மாவிடம் அப்படிக் கேட்டது அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்பது எங்களுக்கு இல்லாமல் போனது. அரசு ஆஸ்பத்திரிகளில் கேட்டோம். பச்சிளம் குழந்தைப் பிரிவில் இருந்தவர்கள் மறுக்கவில்லை, வாங்க வாங்க என்றார்கள். எங்கள் நிர்வாகி மட்டும், ஆஸ்பத்திரிக் கருவியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார். டாக்டரம்மா தலைவிளக்கைச் சொந்தமாக வாங்கினார். சொட்டு மருந்து விட்டு, குழந்தையைத் துணியில் சுற்றி நான் பிடித்துக்கொள்ள, அவர் குனிந்து பார்ப்பார். பெரியவர்களிடம் கத்துகிற அதே வாய் அங்கே, “முடிஞ்சிருச்சுடி தங்கம், முடிஞ்சே போச்சு” என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்.

ஆனால் நர்சிங் ஹோமின் கதவு திறக்கவில்லை. அந்தக் கதவுக்கு வெளியேதான் ஒரு நாள் அந்த அம்மா போய் நின்றாள். எங்களிடம் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. முந்திரி வேலை இல்லாத நாட்களில் பஸ் ஏறி வந்து, எதிர்ப்பக்க டீக்கடை ஓரம் பிள்ளையோடு நிற்பாள். கைக்குழந்தையோடு யாராவது வெளியே வந்தால் கிட்டே போவாள். “கொறமாசப் புள்ளையா? முப்பது நாளைக்குள்ள கண்ணக் காட்டிருங்க. எம் புள்ளையப் பாருங்க, காட்டாம வுட்டதுதான் இது.” அவ்வளவுதான் அவள் பேச்சு. நர்சிங் ஹோமின் பெயரைக்கூட அவள் சொன்னதில்லை.

அவள்மேல் புகார் போனது. போலீஸ்காரர் வந்து நிற்கிறார் என்று டீக்கடைக்காரர் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். வெளியே நோயாளிகள் வரிசையில் இருந்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, “இன்னிக்குப் பாக்க முடியாது, நாளைக்கு வாங்க, மன்னிச்சுக்குங்க” என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நர்சிங் ஹோம் மேனேஜர் இரைந்துகொண்டிருந்தார். டாக்டரம்மா நேராகப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். சுட்டெரிக்கும் வெயில்.

“மேடம், நீங்க எதுக்கு இங்க?” என்றார் போலீஸ்காரர்.

“நானும் அவங்க சொல்றதத்தான் சொல்ல வந்தேன். நோயாளிக்கு நோயப் பத்திச் சொல்றது என் வேல. புடிச்சிட்டுப் போறதா இருந்தா என்னையும் சேத்துப் புடிச்சிட்டுப் போங்க.”

போலீஸ்காரர் கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் குரல் வந்த பக்கம் காதைத் திருப்பியது, முகத்தைத் திருப்பவில்லை. அவர் மேனேஜரிடம், “ரோட்டுல நிக்கிறதுக்கு நான் என்ன சார் கேஸ் போடுறது?” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். சாயங்காலம்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.

அதற்குப் பிறகு டாக்டரம்மாவை வேலையிலிருந்து போகச் சொன்னார்கள். வழியனுப்பு விழா, சால்வை எதுவும் இல்லை. அவர் கையால் கண் பெற்று நடமாடுகிறவர்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ பேர். அறையின் வெளியே இருந்த பெயர்ப் பலகையை அன்று மத்தியானமே கழற்றிவிட்டார்கள். நானும் மறுமாதம் விலகினேன். அரியலூரில் மாடியில் இரண்டு அறை பிடித்துச் சின்னதாக ஒரு கிளினிக் திறந்தார். நான் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

நர்சிங் ஹோம் வாசலில் அந்த அம்மா சொன்னதைக் கேட்டு முதலில் வந்தது என் சொந்த ஊரான வரதராஜன்பேட்டைக் குழந்தை. சரியான நேரம். லேசர் கருவி எங்களிடம் இல்லாததால் டாக்டரம்மா திருச்சிக்குக் கூட்டிப்போய் இரண்டு கண்ணுக்கும் வைத்தார். பையன் இப்போது ஊரில் சைக்கிள் விடுகிறான். அவனுடைய அப்பா என்னை எங்கே பார்த்தாலும் சொல்வது இதுதான்: “நல்லா இருந்த கண்ணுக்கு லேசர வெச்சுப்புட்டாங்க சிஸ்டர், அநாவசியமா.” பார்வை போன வீட்டுக்குத்தான் போனதன் அருமை தெரிகிறது, தப்பித்த வீட்டுக்குத் தப்பித்ததே தெரியாது. முன்பெல்லாம் இதைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். டாக்டரம்மா, “அவன் அப்படிச் சொல்ற அளவுக்குப் புள்ள நல்லா இருக்கான்ல? வுடு” என்பார்.

சில வருஷம் கழித்து நர்சிங் ஹோம் வாசலில் ஒரு போர்டு வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை செய்யப்படும் என்று எழுதி, பக்கத்தில் முதலாளியின் சிரித்த முகம். வெளியூரிலிருந்து ஒரு கண் டாக்டரை வாரம் ஒரு நாள் வரவழைக்கிறார்கள். அதற்காக முதலாளியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியதும் நடந்தது. நான் கொதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். டாக்டரம்மா கேட்டது, “எழுத்து பெருசா போட்டிருக்கானா? ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து படிக்க முடியுதா?” என்பதுதான்.

அவரால் அப்படிக் கேட்க முடிந்தது. என்னால் இன்றைக்கும் முடியவில்லை. அந்தச் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் போர்டைப் பார்க்கிறேன். அந்தக் கட்டடத்திலிருந்து ஒருவர்கூட, ஒரு நாள்கூட, அந்தத் தாயிடம் வந்து மன்னிப்புக் கேட்டதில்லை.

அந்தக் குழந்தை இப்போது திருச்சியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளுடைய அம்மா கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். சிகிச்சை ஒன்றும் கிடையாது. ஓரமாக உட்கார்ந்திருப்பாள், கூட்டம் குறைந்ததும் டாக்டரம்மாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவாள். போன முறை வந்தபோது மகள் நேராகவே கேட்டாள்.

“டாக்டரம்மா, எனக்கு நீங்க என்ன வைத்தியம் பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல பாப்பா. ஒனக்கு ஒண்ணும் பண்ண முடியல.”

அவள் அம்மா இருந்த பக்கம் தலையைத் திருப்பினாள். “அப்ப நாம எதுக்கும்மா எப்பப் பாத்தாலும் இங்க வரோம்?”

அந்த அம்மா மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். “ஒத்தையில கோவப்பட்டா எனக்கு அழுக வந்துருதுடி. இவங்க கூட ஒக்காந்து கோவப்பட்டா வர மாட்டேங்குது” என்றாள்.

வெளியே துணியில் சுற்றிய ஒரு சின்னஞ்சிறு குழந்தையோடு யாரோ படியேறி வந்துகொண்டிருந்தார்கள். டாக்டரம்மா தலைவிளக்கை எடுத்து மாட்டிக்கொண்டே, “பொறந்து எத்தன நாளாச்சு?” என்று வாசலைப் பார்த்துக் கத்தினார்.